தாப்பே சிவக்கும் என்றார்கள்

வியாழக்கிழமை காலையில் நான் போனபோது சோறு வெந்து, மூங்கில் தட்டுகளில் பரத்தி ஆறிக்கொண்டிருந்தது. கீரைச் சாறு ஊற்றி அவித்த பசையரிசிச் சோறு. வாழைக்குருத்து நிறத்தில் பளபளவென்று இருந்தது. விசிறி தரையில் கிடந்தது. விசிற வேண்டிய இமாஸ் அக்கா கிணற்றடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, கையில என்ன, சுட்டுக்கிட்டியா?"

"தித்தின், எனக்கு வந்திருச்சு."

"என்ன வந்திருச்சு?"

"லாட்டரி வந்திருச்சு. மாசாமாசம் வேற என்னடி வரும்?"

அங்கேயே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இந்தச் சோற்றில் செய்கிற தாப்பே என்ற இனிப்பு எங்கள் பக்கம் விளையாட்டுக் காரியம் இல்லை. சோறு முழுக்க ஆறியதும், புளிக்க வைக்கும் வெள்ளை வில்லையைப் பொடித்துத் தூவி, ஜம்பு மரத்து இலையில் பொட்டலம் கட்டி, கறுப்பு வாளியில் அடுக்கி மூடிவிட வேண்டும். மூன்றாம் நாள் அது தானாகத் தேனாக ஊறிவிடும். நடுவில் திறக்கக் கூடாது. பக்கத்தில் நின்று சண்டை போடக் கூடாது. பொடி தூவுகிறவள் வாயைத் திறக்கக் கூடாது; தொடங்கிய கைதான் முடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, விலக்கானவள் கை படக் கூடாது. பட்டால் தாப்பே ரத்தமாகச் சிவந்துவிடும். என் அம்மா சொன்னாள், அவளுக்கு அவள் அம்மா சொன்னாளாம். சிவந்த தாப்பேயைக் கண்ணால் பார்த்தவர் யார் என்று கேட்டால், ஆளாளுக்குப் பக்கத்து ஊரைக் கை காட்டுவார்கள். ஆனாலும் நம்பினோம். பார்க்காததைத்தானே மனிதர்கள் கெட்டியாக நம்புகிறார்கள்.

நானும் இமாஸ் அக்காவும் கோகோம் அம்மாவின், எங்கள் பேச்சில் இபு கோகோமின், கடையில் வருஷக்கணக்காக இலை மடித்தவர்கள். எங்கள் ஊர் குனிங்கானில் தாப்பே என்றால் இபு கோகோம்தான். பேருந்தில் போகிறவர்கள்கூட நிறுத்தச் சொல்லி வாளி வாங்கிப் போவார்கள். அந்தக் கடையில் சட்டம் கடுமை. மாதம் ஒருமுறை நாள் வந்ததும் நாங்கள் வாயைத் திறந்து சொல்லிவிட்டு, முன்வாசல் வழியாகத் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும். முழுக்குப் போட்டபிறகுதான் திரும்ப வரலாம். அந்த நாட்களுக்குக் கூலி கிடையாது. யார் யாருக்கு எப்போது என்று இபு கோகோமுக்கு விரல்நுனியில் இருக்கும். ஒருத்தி ஒருநாள் தாமதமாகச் சொன்னாலும், "என்னடி, இன்னும் உனக்கு வரலியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்பார். ஆனால் பொடி தூவும் வேலையை மட்டும் அவர் எங்கள் யாரிடமும் கொடுத்ததில்லை. உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவரேதான் தூவுவார். கதவு இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தே கற்றுக்கொண்டவள் இமாஸ் அக்கா.

கற்றுக்கொண்டதும் சும்மா இருக்க முடியுமா? கடையை விட்டு நின்று, வீட்டு அடுப்பங்கரையிலேயே சொந்தமாகத் தொடங்கிவிட்டாள். என்னையும் கூட்டிக்கொண்டாள். நாங்கள் விடைபெற்ற அன்று இபு கோகோம் வெற்றிலைப் பெட்டியிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

"போங்க, போங்க. அடுப்பு அணைஞ்சதும் திரும்பி வாங்க. கதவு திறந்துதான் இருக்கும். முன்கதவு இல்ல, கொல்லக்கதவு."

அந்தப் பேச்சு எங்கள் இரண்டு பேர் தொண்டையிலும் மீன்முள்ளாகச் சிக்கிக்கொண்டது.

ஐந்தாறு மாதம் பேருந்து நிறுத்தத்தில் கூவிக் கூவி விற்றோம். பிறகுதான் ஊர்த்தலைவர் வீட்டுக் கல்யாணம் வந்தது. தலைவரின் மனைவி இபு யாயா, இபு கோகோமிடம் போகாமல் எங்களிடம் வந்தார். சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அந்தக் கல்யாணத்தில் மலையடிவாரமே வந்து சாப்பிடும். நன்றாக இருந்தால் நோன்புப் பெருநாளுக்கு எங்கள் வீட்டு வாசலில் கூட்டம் நிற்கும். கெட்டுப்போனால் கொல்லைக்கதவுதான். அதுவும் திறந்திருந்தால்.

இபு யாயா அன்றைக்கே ஒன்று கேட்டார்: "கோகோம் கடையில விலக்கானவ படியேற மாட்டா. நம்ம கண்ணால பாத்திருக்கோம். நீயும் அப்படித்தானேம்மா?"

"அப்படித்தாங்க" என்றாள் இமாஸ் அக்கா.

மாப்பிள்ளை கொரியாவில் வேலை பார்க்கிறவர். விடுப்பைக் குறைத்துவிட்டார்கள் என்று கல்யாணம் ஒரு வாரம் முன்னால் வந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு சரி என்று சொல்லிவிட்டாள். தேதி எங்கே போய் முட்டும் என்று அவளுக்குத் தெரியும். போன மாதம் மாதிரி நாலு நாள் தள்ளிப் போகும் என்று நம்பி, என்னிடம்கூட மூச்சு விடவில்லை.

அந்த வியாழனுக்கு முந்தின திங்கள்கிழமை சந்தையில் இபு கோகோமைப் பார்த்தோம். எங்கள் கூடையில் இருந்த இலையைத் தொட்டுப் பார்த்து, "கல்யாணம் ஞாயித்துக்கிழமைக்கு வந்திருச்சாமே? அப்ப வியாழக்கிழமை தூவணும். ம்... வியாழக்கிழமை. பாத்துச் செய், பொண்ணே" என்று சிரித்துவிட்டுப் போனார். இலையைப் பழிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு நான் பின்னாலிருந்து அழகு காட்டினேன். அக்கா முகம் மட்டும் வெளுத்துப் போனது. ஏன் என்று எனக்கு வியாழக்கிழமை கிணற்றடியில்தான் விளங்கியது.

"இப்ப என்னக்கா பண்றது?"

"நீ தூவு."

"நானா! போன வருஷம் எங்க வீட்ல தூவுனேனே, ஞாபகம் இல்லையா? காடி மாதிரி ஆச்சு. என் வீட்டுக்காரரு அத ஊத்தித்தான் சைக்கிள் துரு எடுத்தாரு. என் கையில ராசி கிடையாது, ஊருக்கே தெரியும்."

"அப்ப எங்க வீட்டுக்காரரக் கூப்பிடட்டுமா?"

அவளுடைய கணவர் எங்கோஸ் அண்ணன் மோட்டார் சைக்கிளில் ஆளேற்றிப் பிழைப்பவர். தங்கமான மனிதர். ஆனால் அவர் வாயில் ஒரு ரகசியம் தங்கினால் அது உலக அதிசயம். காலையில் அவரைத் தூவச் சொன்னால், மதியத்துக்குள் ஸ்டாண்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் அக்காவின் தேதி மனப்பாடமாகியிருக்கும்.

"வேற யாரையாச்சும் கூப்பிட்டா ஏன்னு கேப்பாங்க" என்றாள் அக்கா. "ஏன்னு சொன்னா ஆர்டர் போச்சு. நாளைக்குத் தூவுனா ஞாயித்துக்கிழமை ஊறாது. சோறு வேற அவிச்சாச்சு."

"அதுக்காக? நீயேவா தூவப் போற?"

அவள் எழுந்து, வாளியில் தண்ணீர் சேந்தி, சோப்புப் போட்டு முழங்கை வரை தேய்த்தாள். பிறகு மறுபடியும் தேய்த்தாள். தோல் சிவக்கும்வரை தேய்த்தாள்.

"அக்கா, வேணாம். தெரிஞ்சா நம்மள ஊர விட்டே..."

"சத்தம் போடாத. தாப்பே பக்கத்துல சண்ட போடக் கூடாது."

"இதுக்கு மட்டும் சட்டம் பேசு! அதுக்கு மேல இருக்கிற சட்டம்?"

"தித்தின், உனக்குப் பயமா இருந்தா வீட்டுக்குப் போ. நான் தப்பா நினைக்க மாட்டேன்."

போகத்தான் நினைத்தேன். பொய் சொல்வானேன்? வேலிப் படல் வரைக்கும் போனேன். படலுக்கு வெளியே தெருவில் யாரோ ஒருத்தி என்னைப் பார்த்து, "என்ன, காலையிலயே வீட்டுக்கா?" என்றாள். வருஷக்கணக்காக மாதம் ஒருமுறை என் காதில் விழுந்த கேள்வி அது. எனக்கு எங்கிருந்தோ ஒரு கோபம் வந்தது. "இல்ல, இலை பறிக்க வந்தேன்" என்று சொல்லி, வேலியோரம் இருந்த ஜம்பு மரத்தில் நாலு இலையை வெடுக்கென்று பறித்துக்கொண்டு உள்ளே திரும்பினேன்.

அக்கா சோற்றில் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தாள். அவசரத்தில் சூட்டோடு தூவினால் புளித்துவிடும். அத்தனை பதற்றத்திலும் பொறுத்திருந்தாள். பிறகு பொடியைத் தூவத் தொடங்கினாள். அவள் உதடு ஓதுவது போல அசைந்தது, சத்தம் வரவில்லை. நான் எதிரே உட்கார்ந்து பொட்டலம் கட்டினேன். மடித்த ஒவ்வொரு இலைக்குள்ளும் என் பயத்தையும் சேர்த்துத்தான் கட்டினேன். மதியத்துக்குள் கறுப்பு வாளிகள் சுவரோரம் வரிசையாக நின்றன. அக்கா மூடிகளின் மேல் சிவப்பு நூல் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி முடிச்சுப் போட்டாள். தன் கையே தன்னை மீறித் திறந்துவிடக் கூடாது என்று.

அதற்குப் பிறகு இருந்த நாட்கள் எனக்கு நரகம். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. தெரிந்துகொள்ளவும் கூடாது. அக்கா ஒரு கவளம் உருப்படியாகச் சாப்பிடவில்லை. நான் வீட்டில் உப்புக்குப் பதில் சர்க்கரை போட்டுக் குழம்பு வைத்தேன். கண்ணை மூடினால் சிவப்பு வாளி, சிவப்புச் சாறு, இபு யாயாவின் வெள்ளை மேசைவிரிப்பில் சிவப்புக் கறை. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்பார்கள். எங்களுக்கு அந்த வாளி மூடியைத் திறக்கவும் முடியாமல், திறக்காமல் இருக்கவும் முடியாமல் உயிர் போனது.

எங்கோஸ் அண்ணன் வேறு போகும்போதும் வரும்போதும் வாளியருகே மூக்கை நீட்டுவார்.

"என்னம்மா இது, வாசனையே வரல? செத்துப் போச்சா உள்ள?"

"ஏங்க, அந்தப் பக்கம் போகாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது!"

"ஏன், நான் என்ன விலக்கா?" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் அக்காவும் சிரிக்கவில்லை. அவர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு பேசாமல் வெளியே போய்விட்டார்.

சனிக்கிழமை மழை. ஓட்டிலிருந்து ஒழுகுகிறதா பார்க்கலாம் என்று போன நான், கடைசி வாளியின் அடியில் பார்த்தேன். சிமெண்டுத் தரையில் சிவப்பாக ஒரு கோடு. மெல்ல நீண்டு, வாசல் பக்கம் வழிந்துகொண்டிருந்தது.

ஓடிப்போய் அக்காவைக் கூப்பிட்டேன். அக்கா வந்து பார்த்தாள். "என் கைதான். என் கைதான் தித்தின். உன்னையும் சேத்துக் கெடுத்துட்டேனே" என்று முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். கொல்லைக்கதவு என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அந்தக் கதவைத் தாண்டி உள்ளே போகும்போது இபு கோகோம் என்ன சொல்வார் என்பதுகூடக் காதில் கேட்டது.

அழுதபடியே அந்தச் சிவப்பை விரலால் தொட்டேன். முகர்ந்தேன். வாசனை இல்லை. பிசுபிசுப்பு இல்லை. நிமிர்ந்து பார்த்தால், ஓட்டிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டுச்சொட்டாக வாளியின் மூடியில் விழுந்துகொண்டிருந்தது. மூடிமேல் கட்டியிருந்த சிவப்புக் கயிறு பாதி வெளுத்திருந்தது.

"அக்கா! கயிறு! சாயம் போற கயிறு வாங்கியிருக்க நீ!"

அவள் பார்த்தாள். பிறகு அழுகை நிற்காமலே சிரித்தாள். "மலிவா இருக்கேன்னு வாங்குனேண்டி" என்றாள். வாளிகளை நகர்த்தி வைத்து, கயிறுகளை அறுத்து எறிந்தோம். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்பது அப்போதும் எங்களுக்குத் தெரியாது. பயம் ஒரு இம்மிகூடக் குறையவில்லை.

ஞாயிறு காலை ஒரு சின்ன லாரியில் வாளிகளை ஏற்றிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போனோம். கொட்டகையும் பாட்டும் ஒரே இரைச்சல். சமையல்கட்டுக்குப் பக்கத்து அறையில் வாளிகளை வைக்கச் சொன்னார்கள். விருந்தாளிகளுக்கு மதியத் தொழுகைக்குப் பிறகுதான் தாப்பே. அதற்கு முன்னால் திறந்தால் சாறு காற்றுப் பட்டுக் காரமாகிவிடும். அதனால் அங்கும் காத்திருந்தோம். முன்வரிசை நாற்காலியில் இபு கோகோம், கழுத்து நிறைய நகையும் ஊதாப் பட்டுமாக உட்கார்ந்திருந்தார். கல்யாணப் பெண்ணை அவர் ஒருதரம்கூடப் பார்க்கவில்லை, எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பள்ளிவாசலில் லுஹர் என்ற மதியத் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். பாட்டை நிறுத்தினார்கள். பெண்கள் கூட்டமாக எழுந்து, தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்யப் போனார்கள். விலக்கானவள் தொழக் கூடாது; நாங்கள் இதை எப்படி மறந்தோம் என்றே தெரியவில்லை. கயிறுவரை யோசித்தவர்கள் இதை யோசிக்கவில்லை.

இபு யாயா அறை வாசலில் வந்து நின்றார். "வாம்மா இமாஸ், தொழுதுட்டு வந்து திறந்து வை. எல்லாரும் போறோம்."

அக்கா வாளிமேல் வைத்த கையை எடுக்கவில்லை. வந்தால், அந்த நிலையில் தொழுவது பாவம். வரவில்லை என்றால், இபு யாயாவுக்குப் பின்னால் நிற்கிற பத்துப் பெண்களும் விரலை மடக்கிக் கணக்குப் போடுவார்கள்: இன்று தொழாதவள், வியாழக்கிழமை எப்படி இருந்திருப்பாள்? பெண்களுக்கு இந்தக் கணக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

"நான்... நான் பிறகு..."

"பிறகு என்னம்மா, நேரம் போயிரும்."

நான் குறுக்கே விழுந்தேன். "இல்லைங்க இபு, பசங்க சுத்திச்சுத்தி வர்றாங்க. வாளியத் திறந்துட்டாங்கன்னா..."

"பசங்கள நான் பாத்துக்கச் சொல்றேன். நீங்க ரெண்டு பேரும் வாங்க."

என்னிடம் வேறு பொய் கையிருப்பில் இல்லை. அக்காவின் கழுத்தில் வியர்வை இறங்குவது தெரிந்தது. அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஊதாப் பட்டு உள்ளே வந்தது.

"யாயா, அந்தப் பொண்ண விடு" என்றார் இபு கோகோம். "திறக்கப்போற நேரத்துல தாப்பேய விட்டு நகரக் கூடாது. இதெல்லாம் தொழில் தெரிஞ்சவங்களுக்குத்தான் புரியும். நீங்க போய்த் தொழுங்க. நானும் இங்கயே இருக்கேன், பிறகு தொழுதுக்கறேன்."

அவர் சொன்னால் யார் மறுப்பது? இபு யாயா போய்விட்டார். கூட்டமும் போய்விட்டது. இபு கோகோம் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். பூனையிடமிருந்து தப்பிப் புலியிடம் வந்து விழுந்தோம் என்று நினைத்தேன்.

"திற" என்றார்.

அக்காவின் விரல் மூடியில் வழுக்கியது. நான் மறுபக்கம் பிடித்து இழுத்தேன். மூடி திறந்ததும் வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. இலையின் வாசனை, தேனின் வாசனை. பொட்டலங்கள் பச்சைச் சாற்றில் மிதந்தன. இபு கோகோம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். பச்சை. மழை பெய்து ஓய்ந்த வயல் மாதிரிப் பச்சை. ஒரு துளி சிவப்பு இல்லை. அவர் வாயில் போட்டுக்கொண்டார். கண்ணை மூடி வெகுநேரம் சுவைத்தார். அதற்குள் நான் எனக்குத் தெரிந்த துஆ எல்லாம் ஓதி முடித்துவிட்டேன்.

"தூவுனது யாரு?"

"நான்தான்" என்றாள் அக்கா.

"வியாழக்கிழமை."

"ஆமா."

"உன் தேதி எனக்குத் தெரியாதா? என் வாசல்லயே வளந்தவ நீ." இலையை மடித்துக் கீழே போட்டார். "நல்லா இருக்கு. என்னோடதவிட ஒரு இழை கம்மி. ஆனா நல்லா இருக்கு."

அக்கா வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எப்படி சிவக்காம...?"

இபு கோகோம் பல் தெரியச் சிரித்தார். "ஏண்டி பைத்தியக்காரி, மாசத்துல ஆறேழு நாள் நான் அடுப்ப அணைச்சுட்டு உக்காந்திருந்தா, என் கடை கடையா இருந்திருக்குமா? எனக்கு நின்னு போனதே அஞ்சு வருஷத்துக்கு முன்னாலதான். அதுக்கு முன்னாடி எல்லாம் உள்ளறையில கதவச் சாத்திக்கிட்டுத் தூவுனது யாரு, ஜின் பூதமா?"

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அது பாதியிலேயே நின்றுவிட்டது. முன்வாசல், தலைகுனிவு, தெருவில் கேட்ட கேள்வி, கூலி இல்லாத நாட்கள், அந்த நாட்களில் என் பிள்ளைக்குத் தண்ணியாக நான் வைத்த கஞ்சி, எல்லாம் ஒன்றாக வந்து நின்றன.

"அப்ப எங்கள ஏன் அனுப்புனீங்க?" என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "நாங்க வெறும் இலைதானே மடிச்சோம்?"

அவர் என்னை அப்போதுதான் முதல்முறையாகப் பார்ப்பது போலப் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீங்க தலையக் குனிஞ்சுக்கிட்டு வீட்டுக்குப் போறத ஊரு பாத்துச்சு" என்றார். "அதனாலதான் என் கைய யாரும் பாக்கல."

சொல்லிவிட்டு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தாழ்ப்பாளைத் திறந்தார். போகிறபோது அக்காவின் காதருகே குனிந்து, "நீயும் ஒருத்திய அனுப்பு. அப்பதான் கடை நிக்கும்" என்றார். நான் அங்கே இல்லாதது போலத்தான் சொன்னார்.

தாப்பே அன்று தீர்ந்துபோனது. இலையை நக்காத குறை. இபு யாயா அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "சுத்தமான கைம்மா இது, சாப்பிட்டாலே தெரியுது" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். பக்கத்தில் நின்ற இபு கோகோம், "என்கிட்ட இருந்தவதானே" என்று அந்தப் பெயரிலும் பாதியைச் சுருட்டிக்கொண்டார். வீடு திரும்பும்போது லாரியில் காலி வாளிகள் கடகடவென்று உருண்டன. நாங்கள் ஆளுக்கொரு பக்கம் தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தோம். ஜெயித்து வந்தவர்கள் என்று யாரும் எங்களைப் பார்த்துச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நோன்பு மாதம் வந்தது. நினைத்தபடியே பெருநாளுக்கு ஆர்டர் வந்து குவிந்தது. நானும் அக்காவும் அந்த அறையில் நடந்ததைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை. ஆனால் எனக்குள் ஒரு பயம் புதிதாக முளைத்து, வளர்ந்துகொண்டே இருந்தது. என் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கடை நிற்க வேண்டுமே. ஒருத்தியை அனுப்ப வேண்டுமே. அனுப்ப என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்?

பெருநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது வந்தது. முந்தின இரவு நோன்புத் தொழுகையில், பள்ளிவாசலில் பெண்கள் வரிசையில் என் இடம் காலி. மறுநாள் காலை தெருவில் அத்தனை பேர் கண்ணிலும் அது எழுதியிருந்தது. மறைத்துப் பிரயோஜனம் இல்லை. சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். அக்கா வீட்டுக்கு எதிரே மூன்று பெண்கள் காய்கறி வண்டியைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். வாங்கியது என்னவோ ஒரு கட்டுக் கீரைதான். நின்றது அரைமணி நேரம்.

நான் வாசல்படிக்குக் கீழே நின்றேன். "அக்கா, எனக்கு இன்னிக்கு..." என்றேன். மீதியை என் பழைய தலைகுனிவே சொன்னது.

அக்கா வாசலுக்கு வந்தாள். முழங்கை வரை ஈரம். என்னைப் பார்த்தாள். என் தலைக்குமேலே தெருவைப் பார்த்தாள். காய்கறி வண்டிப் பெண்கள் எங்கள் பக்கம் திரும்பியிருந்தார்கள். அவள் முகத்தில் ஒரு கணக்கு ஓடியது. நான் அதை நன்றாகப் பார்த்தேன். வெற்றிலைப் பெட்டிக்குப் பின்னால் வருஷக்கணக்காக நான் பார்த்த அதே கணக்கு. அவள் அப்படி நின்ற நேரம், வாளிகளுக்குக் காவல் இருந்த நாட்களைவிட எனக்கு நீளமாக இருந்தது. நான் திரும்பி ஒரு அடி எடுத்து வைத்தேன்.

"எங்கடி போற?"

"வீட்டுக்கு."

"இலை காஞ்சு போகுது, நீ வீட்டுக்குப் போறியா?" குரலைத் தாழ்த்தவில்லை, உயர்த்தினாள். "செருப்ப இங்கயே படியில கழட்டிப் போடு. ஓரமா ஒளிச்சு வைக்காத. கையக் கழுவிட்டு வா."

"அக்கா, அவங்க பாக்குறாங்க."

"பாக்கட்டும். எனக்கும் பயமாத்தான் இருக்கு. நீ வா."

என் செருப்பு மஞ்சள் நிறம். தெருக்கோடியிலிருந்தே தெரியும். அதைப் படியின் நடுவில், தெருவைப் பார்த்தபடி கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனேன்.